மலாயா போகிறவரின் சைக்கிள்

வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகும் வாலிபர்களுக்கு இப்போது தனியாகப் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். போன மாதம் அங்கிருந்து நான்கு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். என் வீட்டில் நாற்காலி மூன்றுதான், நான் வாசற்படியில் உட்கார்ந்தும் ஒருவர் நின்றுகொண்டே இருந்தார். அது எனக்கு உறுத்தலாகவே இருந்ததால் அவர்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. கடல் கடந்து போகும்படி எனக்கு வந்த அழைப்பைப் பற்றிக் கேட்டார்கள். சொன்னேன். இரண்டு இடங்களில் சிரித்தார்கள், இரண்டுமே சிரிக்கக் கூடாத இடங்கள். ஆகவே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

இன்னொரு காரணமும் உண்டு. நான் ஓய்வு பெற்றபோது சபையார் ஒரு மலர் போட்டார்கள். அதில் என் படத்துக்குக் கீழே, அயல்நாட்டு அழைப்பைத் தியாகம் செய்து சொந்த மண்ணில் ஊழியம் செய்தவர் என்று அச்சிட்டிருந்தார்கள். நான் எதையும் தியாகம் செய்யவில்லை. போவதற்கு என்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தேன். போக முடியாமல் போனது. அவ்வளவுதான்.

நான் விருதுநகர்க்காரன். அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். நானும் ஆசிரியர் பயிற்சி முடித்து, ஐம்பதுகளின் நடுவில் சிவகாசியில் ஒரு மிஷன் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தேன். அந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விடுதிச் சாம்பாரில் கிடந்த கத்தரிக்காய்த் துண்டுகளை எண்ணும் வழக்கம் அங்கேதான் தொடங்கியது, இன்றுவரை விடவில்லை. பள்ளி வேலையோடு எங்கள் சேகரத்து வாலிபர் சங்கங்களைக் கவனிக்கும் பொறுப்பையும் கொடுத்தார்கள். ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள ஊர்ச் சபைகள் எல்லாம் சேர்ந்தது சேகரம். ஆமத்தூர் ஒரு கோடி, ஏழாயிரம்பண்ணை மறு கோடி. நடுவில் நானும் என் சைக்கிளும்.

அந்த வருஷத்துக் கன்வென்ஷன் கூட்டத்துக்கு மலாயாவிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். ஓலைப் பந்தலில் நின்று ரப்பர்த் தோட்டங்களைப் பற்றிப் பேசினார். அங்கே நம் தமிழ்ப் பிள்ளைகள் விடியுமுன் பால் வெட்டப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டிவைத்து ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, யார் போவீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே அழுதார். என் கை தானாக மேலே போனது. மேலே போன கையோடு பந்தலைச் சுற்றிப் பார்த்து எண்ணினேன். என்னையும் சேர்த்துப் பதினோரு கைகள். அவற்றில் பல, வருஷா வருஷம் யார் எதற்குக் கேட்டாலும் தூக்கப்படும் கைகள். அவை எனக்குப் பழக்கமானவை. ஆகவே உண்மையாகத் தூக்கிய கை என்னுடையது ஒன்றே என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் எங்கள் சேகர குருவைப் பார்க்கப் போனேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் குருவானவரை ஐயர் என்போம். ஐயர் பேச்சில் கஞ்சன். அவர் மனசில் இருப்பதை அறிய அவர் கையிலிருந்த பனையோலை விசிறியைப் பார்க்க வேண்டும். நாம் பேசும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். விசிறி ஒரே சீராக ஆடினால் கேட்டுக்கொண்டிருக்கிறார். வேகமானால் சம்மதம். நின்றுவிட்டால் நாம் எழுந்து வந்துவிடுவது நல்லது. கல்யாணம், சண்டை, சம்பள உயர்வு எல்லாம் அந்த விசிறியின் முன்னால்தான் தீர்ந்தன.

நான் அழைப்பைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை, விசிறி பறக்க ஆரம்பித்தது. அவ்வளவு வேகத்தில் அதை நான் பார்த்ததே இல்லை.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. சீக்கிரம் போகணும்" என்றார்.

"கொஞ்சம் ஜெபிச்சுப் பாத்துட்டு..."

"ஜெபிச்சாச்சு. நானே ஜெபிச்சிருக்கேன்."

எப்போது ஜெபித்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் நேற்றுத்தான் கை தூக்கியிருந்தேன்.

பிறகு சடங்குகள். மருத்துவர் மார்பைத் தட்டிப் பார்த்தார். அம்மை குத்தினார்கள். நன்னடத்தைக்கு இரண்டு பெரியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேருமே படிக்காமல் போட்டார்கள். கடலைப் பற்றி எனக்குப் பயம் இருந்தது. அதை ஒரே ஒரு தடவை தூத்துக்குடியில் பார்த்திருந்தேன், கரையில் நின்றபோதே தலை சுற்றியது. இதை விண்ணப்பத்தில் எழுத இடமில்லை, எழுதவில்லை. பள்ளி வேலையை விட்டேன். என் இடத்துக்கு உடனே ஒருவர் வந்து, என் மேஜையின் ஆடும் காலை ஒரே நாளில் சரி செய்தார். நான் இருந்தவரை அது ஆடிக்கொண்டேதான் இருந்தது.

அனுமதிச் சீட்டு மலாயா அரசாங்கத்திடமிருந்து வர வேண்டும். வந்துவிடும் என்றார்கள். அதற்குள் எங்கள் அறுப்பின் பண்டிகை வந்தது. அந்த நாளில் சபையார் விளைந்ததில் முதலானதைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். சேவல், பூசணி, கம்பு, கருப்பட்டி, முட்டை. ஆராதனை முடிந்ததும் கோயில் வளவில் வேப்பமரத்தடியில் அவை ஏலம் விடப்படும். வருவது கோயிலுக்கு. பிறகு எல்லாருக்கும் அசனச் சாப்பாடு.

நான் யோசித்தேன். கப்பலேறப் போகிறவனுக்கு எதற்குச் சொத்து? இருந்த ஏழு பொருள்களையும் ஏலத்துக்குக் கொண்டுவந்தேன். கட்டில், மேஜை, அரிக்கேன் விளக்கு, குடை, பித்தளைக் குடம், மணியடிக்கும் கடிகாரம், சைக்கிள். ஒரு தகரப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டேன். அதன் மூடியில் லேபிள் அச்சகத்து ஓவியர் ஒருவர் என் பெயரையும் மலாயா என்ற சொல்லையும் சிவப்பில் எழுதிக் கொடுத்திருந்தார். சரவெடிப் பெட்டிக்கு எழுதிப் பழகிய கை. எழுத்தைச் சுற்றிலும் தீப்பொறி பறந்தது.

ஏலம் விட்டவர் உபதேசியார் யோசேப்பு. பிரசங்கத்தில் நம்மைத் தூங்கவைப்பவர், ஏலத்தில் வேறு ஆளாகிவிடுவார்.

"ஐயாமாரே, அம்மாமாரே, இது சும்மா குடையில்லை. மலாயா போற சார்வாள் பிடிச்ச குடை! மழைக்கும் ஆகும், ஆசீர்வாதத்துக்கும் ஆகும்! ஒரு தரம்..."

குடையை ஐயரின் மனைவி ஐயரம்மா எடுத்தார். கட்டிலைக் கோயில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை எடுத்தார். சைக்கிளுக்குத்தான் போட்டி. கடைசியில் ஏழாயிரம்பண்ணை வாலிபர்கள் மூன்று பேர் கூட்டாகக் கேட்டு எடுத்தார்கள். மூவரும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் மூத்தவன் பொன்ராஜ், இருபது வயதிருக்கும். எங்கள் சங்கங்கள் எல்லாவற்றிலும் சேர்த்துக் குரல் என்று சொல்லத்தக்கது அவனிடம் மட்டுமே இருந்தது. என் கூட்டங்களில் தூங்காதவனும் அவன் ஒருவனே, பாட்டு எப்போது வரும் என்று காத்திருப்பான்.

"சார், செயின்ல எண்ணெய் போட்டு நாளாச்சோ?" என்றான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து.

"போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்லே."

"சரி சார். இனிமே நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க நிம்மதியாப் போங்க."

எல்லாருமே நிம்மதியாகப் போகச் சொன்னார்கள். மாலை போட்டார்கள். பேசியவர்கள் ஆறு பேர். ஒவ்வொருவர் பேசும்போதும் யார் அழுகிறார்கள் என்று பார்த்தேன். இது அற்பத்தனம்தான், தெரியும். ஆனால் போகிறவனுக்கு அந்த ஆசை இருக்கும். ஒருவரும் அழவில்லை. ஒரு கைக்குழந்தை அழுதது, அதையும் வெளியே தூக்கிப் போய்விட்டார்கள்.

பண்டிகை முடிந்த பிறகு ஐயர் கூப்பிட்டனுப்பினார். விசிறி மெதுவாக ஆடியது.

"தம்பி, அனுமதி இப்போதைக்கு இல்லையாம். காத்திருக்கச் சொல்லுதாங்க."

"எம்புட்டு நாளைக்கு ஐயா?"

விசிறி நின்றது. எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு சிவகாசியில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வழியனுப்பப்பட்டவன் தெருவில் நடமாடினால் ஊருக்குப் பொறுக்காது. காய்கறிக் கடைக்காரர், "வாங்க சார், மலாயாவுல கத்தரிக்கா என்ன விலை?" என்பார். பஸ் ஸ்டாண்டில் யாரோ, "ஏலே, கப்பலு தரை தட்டிட்டு போலுக்கே" என்பான். மாலை போட்டவர்கள் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார்கள், ஏமாற்றியவனைப் பார்ப்பது போல. எனக்கு மலாயா சார் என்று பெயர் விழுந்தது. என் சொந்தப் பெயரை அதற்குப் பிறகு என் மனைவியைக் கல்யாணம் செய்தபோது கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தவர்தான் சத்தமாகச் சொன்னார்.

பாயில் படுத்தேன். கோயில்பிள்ளை வீட்டுப் பக்கம் போனால் என் கட்டிலில் அவர் கால் நீட்டிப் படுத்திருப்பது தெரியும். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. ஐயரம்மா இரக்கப்பட்டு என் குடையை எனக்கு இரவல் கொடுத்தார்.

"பத்திரமாக் கொண்டாந்துருங்க சார். ஏலத்துல எடுத்தது" என்றார்.

பள்ளியில் இடமில்லை. ஐயர் என்னை முழுநேர வாலிபர் ஊழியனாக நியமித்தார். உத்தரவில், மலாயா செல்லும்வரை என்று ஒரு வரி. நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தது அந்த ஒரே உத்தரவில்தான். யாரும் அதை மாற்றவும் இல்லை, ரத்து செய்யவும் இல்லை.

சைக்கிள் இல்லாததால் ஏழாயிரம்பண்ணைக்குப் போக ஒரே வழி, பட்டாசு வேலைக்கு வந்தவர்களை மாலையில் ஊருக்கு ஏற்றிப்போகும் பஸ். முன்பெல்லாம் ஞாயிறு மாலை சைக்கிளில் போய் இறங்குவேன். மூன்று பாட்டு, ஒரு ஜெபம், ஐந்து தலைப்புகளில் ஒரு பிரசங்கம். வாரமெல்லாம் வேலை செய்து களைத்த பிள்ளைகள் இரண்டாம் தலைப்பிலேயே சாய்ந்துவிடுவார்கள். நான் தலைகளை எண்ணிப் பத்தொன்பது என்று ஐயரிடம் அறிக்கை கொடுப்பேன். விழித்திருந்த தலைகளை அறிக்கையில் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஐந்து தலைப்புக்கு இடமில்லை. ஒரு காலை ஊன்றவே இடமில்லை. ஆடி மாதம் என்றால் இருக்கன்குடி மாரியம்மனுக்குப் போகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும். நான் வாயை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். அப்போதுதான் அந்தப் பிள்ளைகள் பேசுவதை முதல்முறையாகக் கேட்டேன். எந்தக் கம்பெனியில் லோடு நிற்கிறது, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம், எந்த ஃபோர்மேன் எந்தப் பெண்ணைத் திட்டினான். இடையில் பொன்ராஜ் ஒரு கீர்த்தனையை எடுப்பான், பின்சீட்டுப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். இருக்கன்குடிக்குப் போகிற ஒரு அம்மாள்கூடத் தாளம் போட்டார். சைக்கிள் இருந்தும் அவன் ஏன் பஸ்ஸில் வருகிறான் என்று கேட்டேன்.

"மூணு பேரு முறை வச்சு ஓட்டுதோம் சார். இன்னைக்கு என் முறை இல்லை. போக, அதுல தனியாப் பாடணும்."

நான் போகவிருந்த மலாயாவில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்றார்களே, இங்கே எனக்கே பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. என் சுருதி எப்போதும் கொஞ்சம் கீழே போகும். "தூக்குங்க சார், தூக்குங்க" என்பான் அவன், மூட்டை தூக்குகிறவனிடம் சொல்வது போல.

தீபாவளிக்கு முந்தின சீசனில் அது நடந்தது. வெயிலில் மருந்து காயவைத்திருந்த களத்தில் தீப்பற்றிக்கொண்டது. பொன்ராஜ் ஓரமாக நின்றிருந்தான். உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோயின.

மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கட்டு மாற்றுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் கொதித்து ஆறிய நீரைத் துணிமேல் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைப்பார்கள். அவசரப்பட்டால் தோலும் சேர்ந்து வரும். பிறகு நர்சம்மா ஓரத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரிப்பார். கடைசிச் சுற்றில் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது நமக்குத் தெரியும். மஞ்சள் களிம்பு தடவிய துணியை விரல் விரலாகத் தனித்தனியே சுற்றுவார், ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாதென்று. அவ்வளவு நேரமும் பொன்ராஜ் சத்தம் போட மாட்டான். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

அவன் தாய் சீசன் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே மதியக் கஞ்சியை ஊட்டும் வேலை எனக்கு வந்தது. நான் ஊட்டும்போது வாய்க்குள் எண்ணுவேன் போலிருக்கிறது, எனக்கே தெரியாது.

"எண்ணாதீக சார்" என்றான். "முழுங்க முடியல."

நான் ஆறுதலாக ஏதோ வசனம் சொல்ல ஆரம்பித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீங்க மலாயா போறவுக. இங்க எதுக்கு உக்காந்திருக்கீக? நான் இனிமே பாடப் போறதுமில்லை, கூட்டத்துக்கு வரப் போறதுமில்லை."

அவனைக் குறை சொல்ல முடியாது. ஊரே கேட்ட கேள்வியைத்தான் அவனும் கேட்டான். வித்தியாசம், அவன் சிரிக்காமல் கேட்டான். வலது கை தேறுமா என்று டாக்டருக்கே அப்போது நிச்சயமில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அனுமதிச் சீட்டு வந்தது. ஐயர் கூப்பிட்டனுப்பிவிட்டுத் தன் வாசலுக்கே வந்து நின்றார், விசிறி பட்டாம்பூச்சியாகப் பறந்தது.

"வந்துட்டு தம்பி! அடுத்த கப்பல்ல ஏறணும். விட்டா அனுமதி செல்லாது."

எனக்குச் சந்தோஷம்தான். தெருவில் கடைசியாக ஒருமுறை நடந்து, காய்கறிக் கடைக்காரரிடம் விடைபெற வேண்டும் என்பதுதான் முதலில் மனசில் வந்தது. அடுத்தபடி மதியக் கஞ்சி ஞாபகம் வந்தது.

"ஐயா, கட்டுப் பிரிக்கிறவரைக்கும் இருந்துட்டுப் போறேன்."

"கட்டு உனக்கா போட்டிருக்கு?"

"இல்லை. நான்தான் ஊட்டுதேன். வேற ஆளு ஊட்டினா நிறையச் சிந்துது."

விசிறி நின்றது. இந்தத் தடவை நான் நகரவில்லை.

"அங்க ஒரு தோட்டத்துப் பிள்ளைக எல்லாம் காத்துக்கிட்டு இருக்கு. இவரு கஞ்சி சிந்துதுங்காரு" என்று வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து விசிறி தானாக ஆட ஆரம்பித்தது, மெதுவாக. "சரி. நல்லதாப் போச்சு. உனக்கு ரெண்டாந்தரம் ஒரு வழியனுப்புக் கூட்டம் வைக்கச் சபையால முடியாது."

வேறு சேகரத்திலிருந்து ஒருவர் கப்பலேறினார். அதற்கடுத்த கப்பலில் போய்விடலாம் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். அனுமதி பிறகு வரவே இல்லை. இதைத்தான் மலரில் தியாகம் என்று போட்டுவிட்டார்கள்.

கட்டுப் பிரித்தார்கள். இடது கை தேறியது. வலது கை விரல்கள் பாதிதான் மடங்கின. சீசன் முடிந்த ஒரு ஞாயிறு, பொன்ராஜ் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தான்.

"பிரேக் பிடிக்க வரலை சார். நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காருதேன்."

"உன் கூட்டாளிக?"

"அவுககிட்டச் சொல்லிட்டேன். சைக்கிள் எங்களது, ஓட்டுறது நீங்க."

ஏழாயிரம்பண்ணைப் பாதையில் இரண்டு பக்கமும் கரிசல் காடு. நான் வழக்கம்போல மரங்களை எண்ணிக்கொண்டு மிதித்தேன். பின்னாலிருந்து அவன் கேட்டான்.

"அன்னைக்குப் பந்தல்ல எத்தனை பேரு சார் கை தூக்கினோம்?"

"பதினொண்ணு. எண்ணினேன்."

"நான் உங்களுக்கு நேர் பின்னால இருந்தேன். என்னை எண்ணினீகளா?"

பிரேக்கைப் பிடித்துவிட்டேன். அவன் என் முதுகில் வந்து மோதினான். நான் முன்னாலும் இரு பக்கத்திலும் பார்த்தேனே தவிரப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏம்லே அப்பவே சொல்லலை?"

"நீங்க போறீக, படிச்சவுக. நான் மருந்து இடிக்கிறவன். என்னன்னு சொல்ல?"

நான் மறுபடி மிதித்தேன். மேடு ஏறும்போது அவன் பாட ஆரம்பித்தான். குரல் கொஞ்சம் கரகரத்தது. பிறகு தெளிந்தது. "தூக்குங்க சார்" என்றான். மேட்டையா சுருதியையா என்று கேட்கவில்லை, இரண்டையும் தூக்கினேன்.

அன்றே அவனை ஐயரிடம் கூட்டிப்போனேன். அவர் விசிறி எனக்காக அடித்த வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக, ஆனால் நிற்காமல் ஆடியது. உபதேசியார் பயிற்சிக்கு அனுப்பினார். அறுபதுகளில், அந்த நாட்டின் பெயரே மாறிய பிறகு, அங்கிருந்து ஒரு தோட்டத்துச் சபை வாலிபர் ஊழியத்துக்குப் பாடத் தெரிந்த ஆள் கேட்டது. பொன்ராஜ் பெயர் போயிற்று. எங்கள் ஊருக்கு அது அப்போதும் மலாயாதான்.

கப்பல் ஊதும்வரை எதையும் ஏலத்தில் போடாதே என்று அவனுக்கு ஆயிரம் தடவை சொன்னேன். அவனுக்கு அனுமதி கையில் இருந்தது. கூட்டாளிகளைக் கேட்டுக்கொண்டு, அறுப்பின் பண்டிகையில் சைக்கிளைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினான். பக்கத்தில் என் தகரப் பெட்டி, அதை நான்தான் அவனுக்குக் கொடுத்திருந்தேன். என் பெயரை மட்டும் அழித்துவிட்டு அவன் பெயரை எழுதினோம், மலாயாவும் தீப்பொறியும் அப்படியே இருந்தன.

"மலாயா போகாதவரு ஓட்டின சைக்கிள்! மலாயா போறவரு உக்காந்த சைக்கிள்!" என்று கத்தினார் உபதேசியார் யோசேப்பு. "கேளுங்க!"

என்னிடம் இருந்தது சொற்பம். கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. யாராவது கூட்டிக் கேட்பார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். காய்கறிக் கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்தவர், வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில்பிள்ளை தரையைப் பார்த்தார். ஐயரம்மா என் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஐயர் விசிறி ஆடாமல் மடியில் கிடந்தது. வேறொருவரும் விலை கேட்கவில்லை.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று உபதேசியார் மூச்சுவிடாமல் முடித்தார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் ஏலம் விட்டதில்லை.

பொன்ராஜுக்கு மாலை போட்டார்கள். பேசினார்கள். சரியாக மடங்காத அந்த வலது கையைத் தூக்கி எல்லாருக்கும் வணக்கம் சொன்னான். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பழைய வழக்கத்தில், யார் அழுகிறார்கள் என்று கூட்டத்தில் பார்த்தேன். இந்தத் தடவை பின்னாலும் திரும்பிப் பார்த்து எண்ணினேன்.

ஒரே ஆள்தான். அவருக்குத் துடைத்துக்கொள்ள ஒரு கையும் இல்லை, இரண்டும் ஹேண்டில்பாரில் இருந்தன.